மாசிலாமணி தேடிய பிரேக்

குன்னூர் சரிவில் சைக்கிள் கடை வைத்திருந்த லூர்துமேரியை எப்படியாவது வெளியேற்ற, கட்டட முதலாளி மாசிலாமணிக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தம் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“என் சிநேகிதனோட வெளிநாட்டு சைக்கிள்ல பிரேக் ஒயர் குழாய்க்குள்ளேயே ஓடுது. இதிலயும் ஒயர் வெளியே தெரியக் கூடாது. குழாயில ஓட்டை போடக் கூடாது. ஆனா பிரேக் பிடிக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலேன்னா கடைச் சாவியைக் கொடுத்துடு.”

“செஞ்சுடலாம் ஐயா.”

ஞாயிறன்று சிநேகிதர்கள் சூழ வந்தார். ஒயர் இல்லை, ஓட்டை இல்லை. கைப்பிடியில் பிரேக் பிடியும் இல்லை. சீட்டுக்கு அடியில்கூடத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா, இதுல பிரேக்கே இல்லை! எடு சாவியை!”

லூர்துமேரி சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் சரிவில் பாய்ந்து, சாலை நடுவே நின்ற மாசிலாமணியை நோக்கி நேராக வந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாக்கடை.

“பிரேக்கைப் பிடி!” என்று அலறினார்.

“அதுதான் இல்லைன்னீங்களே ஐயா!”

“இருக்கும்மா, இருக்கு! பிடிம்மா!”

அவள் பெடலைப் பின்பக்கமாக ஒரு மிதி மிதித்தாள். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அவள் பொருத்தியிருந்த, ஒயரே தேவைப்படாத பிரேக் பிடித்துக்கொண்டது. சைக்கிள் அவர் வேட்டியை உரசி நின்றது.

லூர்துமேரி சிநேகிதர்கள் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்கல்ல? ஐயாவே இருக்குன்னுட்டார்.”