வியாழக்கிழமை மாத்திரை

செண்பகவடிவு தன் பழைய டிரில் டீச்சரைத் தேடிப் போனபோது அவளுக்கே நாற்பத்தாறு வயது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறியதிலிருந்து டீச்சரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் சரியாக அமையவில்லை.

நடந்தது இதுதான்.

அந்த வருஷம் நாடு முழுக்கப் பள்ளிகளில் மாணவர் நலத் திட்டம் ஒன்று வந்திருந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வடிவு தானாகவே பேர் கொடுத்தாள். கை கழுவுவது, மாதவிடாய் நாட்களைக் கையாள்வது, மனசு சரியில்லாதபோது யாரிடம் பேசுவது என்று ஒவ்வொன்றையும் ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளிடம் சொன்னாள். மற்ற டீச்சர்கள் கூடுதல் சுமை என்று அலுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது சுமையாகவே தெரியவில்லை.

மருத்துவக் குழு வேனில் வந்து ரத்தப் பரிசோதனை செய்தது. சில பிள்ளைகளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. வியாழக்கிழமை தோறும் எல்லாருக்கும் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. இந்தப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து அப்புறம் துப்பிவிடுவது பிள்ளைகளின் வழக்கம். வடிவு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ரத்தம் குறைந்த பிள்ளைகளைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, கண் முன்னாலேயே விழுங்க வைத்தாள். ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை. சாப்பிட்ட பிறகுதான் கொடுக்கவேண்டும் என்பது பயிற்சியில் சொன்னதுதான். வீட்டில் சாப்பிட்டுத்தானே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாவட்டக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

மேடையேறியவர்களில் முத்தரசியும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு. கபடியில் அவளைப் பிடித்து நிறுத்த அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. ஒரு வியாழக்கிழமை, மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் மேடையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் அவளுக்குச் 'சோகை' என்று பேர் விழுந்துவிட்டது. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

வடிவு அவள் வீட்டுக்குப் போனாள். முத்தரசி அம்மாவுக்குப் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. அம்மா இசக்கியம்மாள்தான் பேசினாள். பிள்ளைக்கு என்னமோ நோய் என்று தெருவில் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே மேடையேற்றிக் காட்டிய பிறகு நாங்கள் என்ன சொல்லி மறைக்க. இனிமேல் அவள் வரமாட்டாள், இப்படியே இருக்கட்டும் என்றாள். கோபப்பட்டிருந்தால்கூட வடிவுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். இசக்கியம்மாள் கை நிற்காமல், இலையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

வடிவுக்குத் தன் பழைய டிரில் டீச்சர் கிரேஸின் ஞாபகம் வந்தது அப்போதுதான்.

கிரேஸ் ஞானமலர் ஓய்வு பெற்றும் சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. கைக்கடிகாரத்தை மட்டும் முன்பு போலவே உள்மணிக்கட்டுப் பக்கமாகக் கட்டியிருந்தார்.

அவர் ஊதிய விசில் சத்தத்தில் வடிவின் முதுகு தானாக நிமிர்ந்தது. கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கிய வெள்ளிக்கிழமைகள், மைதானத்துப் புழுதி வாசம், நகம் பார்க்கக் கையைப் பிடிக்கும்போது டீச்சர் கையிலிருந்த குளிர்ச்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அவள் படித்த அந்தப் பள்ளியில் எடை பார்க்கும் மெஷின்கூடக் கிடையாது. நலத் திட்டம் என்ற பேரையே யாரும் கேட்டதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வர அஞ்சியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பந்தின் மீதிருந்த கண்ணை எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ நல்லதுக்குத்தானே டீச்சர் செஞ்சேன்? என்ன தப்பு பண்ணினேன்?" என்று முடித்தாள் வடிவு.

"உக்காரு வடிவு" என்றார் டீச்சர்.

ஆட்டம் முடிந்திருந்தது. பிள்ளைகள் வேர்வையும் மண்ணுமாக வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தூக்குவாளியிலிருந்து கேப்பைக்கூழை டம்ளர் டம்ளராக ஊற்றிக் கைமாற்றி விட்டாள். டீச்சர் கையிலும் ஒரு டம்ளர், வடிவு கையிலும் ஒரு டம்ளர். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தது. யாரோ ஒருத்தி பந்தை வாய்க்காலுக்குள் அடித்த கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள்.

வடிவின் கண்கள் பழக்கத்தில் பிள்ளைகளின் நகங்களையும் இமைகளையும் பார்த்துக்கொண்டு போயின. மெதுவாக டீச்சர் பக்கம் சாய்ந்தாள்.

"இதுல ரத்தம் கம்மியா இருக்கிற பிள்ளைங்க யாரு டீச்சர்?"

"கூழு கையிலேயே இருக்கு. குடி."

கூழ் தீர்ந்ததும் டீச்சர் எழுந்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்தார். வடிவின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வடிவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். பஸ் ஆலங்குளம் தாண்டும்போதுதான், தான் குடித்தது ஒரு டம்ளர் அல்ல, இரண்டு என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது எப்போது தன் கைக்கு வந்தது, யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கவலையில் காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வட்டத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போகும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தன் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தாள். இத்தனை மாதமாக அவளுக்கு அது தோன்றவே இல்லை. வந்த எண்ணைப் பார்த்து நர்ஸ் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மறுபடியும் இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்காராமல் முத்தரசிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மேடைக்குக் கூப்பிட்டது தன் தப்பு என்றாள். இசக்கியம்மாள் கை அப்போதுதான் நின்றது.

"எனக்கு ரத்தம் எவ்வளவு தெரியுமா?" என்று வடிவு முத்தரசியிடம் கேட்டாள். "ஒன்பதரைதான். பன்னிரண்டு இருக்கணும்."

முத்தரசி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எட்டே முக்கால் டீச்சர்" என்றாள். பிறகு, தயங்கி, "உங்களுக்கும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குமா?" என்று கேட்டாள்.

வாங்கும் என்றாள் வடிவு. வயசாகிவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இசக்கியம்மாள் எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மேடை காலியாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து வகுப்பில் உட்கார்ந்த பிறகு, எல்லார் கைக்கும் மாத்திரை போனது. வடிவு தன்னுடையதை முதலில் விழுங்கினாள். தலைமை ஆசிரியையும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று வாங்கிக்கொண்டார். கூடுதல் மருந்து வேண்டியவர்களின் வீட்டுக்கு வடிவே போய், அம்மாக்களிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். சில பிள்ளைகள் இன்னமும் துப்பத்தான் செய்தார்கள். மாவட்டக் கூட்டத்தில் அவளுடைய பள்ளி பின்னுக்குப் போனது. ஏன் என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டு வந்தாள்.

முத்தரசி உடனே வரவில்லை. காத்திருந்து, வரமாட்டாள் என்று வடிவு நினைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு திங்கட்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பில் ஒருத்தி பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "டீச்சரும் சோகைதான், அவங்களையும் கூப்பிடு" என்றாள் முத்தரசி. அதோடு அந்தப் பேர் போயிற்று.

அரையாண்டு விடுமுறையில் இதைச் சொல்வதற்காகவே வடிவு மறுபடியும் பாளையங்கோட்டைக்குப் போனாள். டீச்சர் கேட்டுக்கொண்டார், பாராட்டவில்லை. இருவரும் பழைய பள்ளி வரைக்கும் நடந்தார்கள். மைதானத்தில் பாதியைக் கட்டடங்கள் தின்றிருந்தன. மிச்சமிருந்த பாதியில் ஓட்டப் பாதையின் வளைவு இன்னும் லேசாகத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் வடிவுக்கு அந்த ருசி நாக்கில் வந்தது. கடைசி பீரியடில் ஓட விடுவதற்கு முன்னால் டீச்சர் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிடி வறுகடலையும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வைப்பார். தின்றால்தான் மைதானத்துக்குள் விடுவார். ஓட்டத்துக்கு அது ஒரு விதி என்றே எல்லாரும் நம்பினார்கள். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் மகளும் தின்றாள். அப்பா படுத்த படுக்கையாகி, காலையில் வெறும் கடுங்காப்பியோடு வந்துகொண்டிருந்த வடிவும் தின்றாள். எந்த விளையாட்டிலும் அப்படியொரு விதி இல்லை என்பது இத்தனை வருஷம் கழித்து, இந்த வெயிலில் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடலை எனக்காகவா டீச்சர்?"

கிரேஸ் டீச்சர் கண்ணை இடுக்கி அந்த வளைவையே பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"யாரோ ஒருத்திக்காகத்தான் ஆரம்பிச்சேன்" என்றார். "எல்லாரும் தின்னதுல, யாருன்னு எனக்கே மறந்துபோச்சுட்டி."