பெண் கால் பட்ட செங்கல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், எதற்கும் சட்டென்று ஆசைப்பட்டு அதைச் சட்டென்று மறந்துவிடும் அரசன் ஒருவன் ஆண்டு வந்தான்.

தலைநகருக்கு வெளியே சூளைக்காடு என்று ஓர் இடம். செங்கல் சூளைகள் நிறைந்தது. அங்கே ஆண்கள் மண்ணை அச்சில் இட்டுக் கல் அறுப்பார்கள், சூளைக்கு நெருப்பு வைப்பார்கள். மண் மிதிப்பது பெண்கள் வேலை. விடியலில் முழங்கால் சேற்றில் இறங்கினால் உச்சி வெயிலில்தான் கரையேறுவார்கள். மிதித்து மிதித்து அவர்கள் கால்கள் உரமேறியிருந்தன. மாலையானால், மண் எடுத்து எடுத்துப் பெரும்பள்ளமாகிப்போன திடலில் பந்து ஆடுவார்கள். தேங்காய்நார் திணித்த தோல் பந்து. கையால் தொடக்கூடாது, காலால்தான் உதைக்க வேண்டும். ஊர் ஜனம் பள்ளத்தின் சரிவில் நின்று பார்க்கும்.

ஒரு நாள் அரசன் அந்த வழியாக யானைமேல் போனான். பேராச்சி என்ற பெண் உதைத்த பந்து எழும்பி வந்து அவனுடைய வெண்குடையில் மோதியது. குடை சாய்ந்தது. சேவகர்கள் வாளை உருவினார்கள். அரசனோ கை தட்டினான்.

"நாற்பது அடி தூரம்! என் மல்லர்களால்கூட முடியாதே! யாரங்கே, இந்தப் பெண்களுக்கு ஓர் அரங்கம் கட்டுங்கள். கருவூலத்திலிருந்து கட்டுங்கள். தைப் பௌர்ணமிக்கு அண்டை நாட்டுப் பெண்களை ஆட அழைக்கிறேன்!"

அவையில் பெரிய மந்திரி உத்தண்டநாதருக்கு இது பிடிக்கவில்லை. "அரசே, பெண்கள் ஓடி விளையாடுவதற்குக் கருவூலத்தைத் திறப்பதா?" என்றார்.

"திறக்கத்தான் வேண்டும். போதாவிட்டால் மக்களிடம் கேளுங்கள்."

மந்திரி கேட்டார். வீட்டுக்கு வீடு, உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும் என்று பறையறைந்தார்கள். கட்டுகிற ஆட்களுக்கு அதுதான் சோறு. "பெண்கள் பந்தாடும் அரங்கத்துக்கு ஒரு பிடி அரிசி!" என்று தெருத்தெருவாக வண்டி வந்தது. ஜனங்கள் கொடுத்தார்கள். சூளைக்காட்டுப் பெண்களும் கொடுத்தார்கள். அரங்கத்துக்கு வேண்டிய செங்கலுக்கு மண்ணையும் அவர்களே மிதித்தார்கள். நமக்குத்தானே என்று இரண்டு மடங்கு மிதித்தார்கள்.

மூன்று மாதத்தில் அரங்கம் எழுந்தது. கல் தூண்கள், சுற்றிலும் செங்கல் படிகள். பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பேராச்சியும் அவளுடைய ஆட்டக்காரிகளும் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் மல்யுத்தக் குழி வெட்டியிருந்தது. அதில் எண்ணெயும் மோரும் விட்ட சிவந்த மண். வாசலில் காவல்.

"எங்கம்மா போற?" என்றான் காவலன்.

"எங்க அரங்கத்துக்கு."

"இது மல்லர் அரங்கம். மந்திரி உத்தரவு. பொம்பளைங்க உள்ள வரப்படாது."

"ஏன்யா, நீ அரிசி குடுத்தியா?"

"எங்க வீட்டுல குடுத்தாங்க."

"எதுக்குன்னு சொல்லி வாங்குனாங்க?"

காவலன் மேலே பார்த்தான். "என்னைக் கேட்டா? நான் வேல் பிடிக்கிறவன்."

பேராச்சி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழிமண்ணில் இரண்டு அடி வைத்தாள். அதற்குள் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். இரண்டு காலடியும் மண்ணில் பதிந்து கிடந்தன.

மந்திரி அவைக்கு ஓடினார். "அரசே, அனர்த்தம்! மல்லர் மண்ணில் பெண் கால் பட்டுவிட்டது. இனி அந்த மண்ணில் மல்லர் எவரும் இறங்க மாட்டார்."

அரசனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. "அது பெண்களுக்கென்று நான் சொன்ன அரங்கம் அல்லவா?"

"சொன்னீர்கள் அரசே. ஆனால் மற்ற மன்னர்கள் யானைப்படைக்குக் கொட்டில் கட்டுகிறார்கள். நாம் மண் மிதிப்பவர்களுக்கு மண்டபம் கட்டினோம் என்றால் சிரிக்க மாட்டார்களா? அதனால் மல்லர்களுக்கு மாற்றினேன். பெண்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

உலகத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் பாதிக்கு மேல் இந்தப் 'பிறகு' என்கிற ஊரில்தான் இருக்கிறது. அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாருமில்லை.

அவையில் மருதூரான் என்று ஒரு விகடன் இருந்தான். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவன். அதனாலேயே மற்றவர்களுக்கு அவனைக் கண்டால் பயம், பொறாமை. அவன் எழுந்தான்.

"அரசே, எனக்கு ஒரு சந்தேகம். அரிசி வாங்கும்போது பெண்கள் பெயரைச் சொன்னோம். மல்லர்களுக்கு என்று சொல்லியிருந்தால் எத்தனை பிடி விழுந்திருக்கும்?"

"அதிகப்பிரசங்கி!" என்றார் மந்திரி. மறுகணமே அவர் முகம் மலர்ந்தது. "அரசே, இவ்வளவு பரிந்து பேசுகிறாரே, தீட்டுக் கழிக்கும் வேலையை மருதூராரிடமே ஒப்படையுங்கள். ஆணையை நான் எழுதுகிறேன்."

அவர் எழுதியது இது: 'பெண் கால் பட்ட எதுவும் மல்லர் அரங்கத்துக்குள் இருக்கலாகாது. இருப்பதை உடனே அள்ளி, அந்தப் பெண்கள் ஆடும் பள்ளத்திலேயே கொட்ட வேண்டும். தடுப்பவர் எவராயினும் தலை இழப்பர். நிறைவேற்றத் தவறினால் மருதூரான் தலை இழப்பான்.'

அரசன் வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். படிக்காமலே முத்திரை வைத்தான்.

மருதூரான் ஓலையை எடுத்துக்கொண்டு சூளைக்காட்டுக்குப் போனான். பெண்கள் சேற்றில் நின்றார்கள்.

"வாங்க அண்ணே," என்றாள் பேராச்சி. குரலில் வரவேற்பு இல்லை. "எங்க காலடியை அள்ளிக் கொட்ட வந்தீங்களா? கூடை வேணுமா, தட்டு போதுமா?"

"ஆணையை நிறைவேற்ற வந்தேன் அம்மா. எங்கெங்கே உங்கள் கால் பட்டது என்று சொன்னால் அள்ளிவிடுவேன்."

"எங்கெங்கயா?" அவள் சேற்றிலிருந்து ஒரு காலை உருவினாள். "இங்க பாருங்க. இது எதுக்கு மிதிக்கிறோம்? பொழுதுபோகாமலா? அந்த அரங்கத்துல ஒரு செங்கல் சொல்லுங்க, எங்க கால் படாம வெந்ததுன்னு. ஒங்க மந்திரி வந்து மிதிச்சாரா? அந்தக் குழிமண்ணுல மோரு ஊத்தி மிதிச்சது யாரு? இந்தா நிக்கிற குருவம்மாவோட தங்கச்சிதான் மிதிச்சா. அப்பல்லாம் தீட்டு எங்க போயிருந்துச்சு, மாமியார் வீட்டுக்கா?"

மருதூரான் வரப்பில் உட்கார்ந்து ஓலையை மறுபடி படித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எல்லாச் செங்கலும் நீங்கள் மிதித்த மண்ணா?"

"எல்லாம்."

"படிகள்?"

"எல்லாம்னு சொன்னேன்ல."

"அப்படியானால் ஒரு வண்டி போதாது," என்றான் மருதூரான். "ஊர் வண்டியெல்லாம் வேண்டும்."

பேராச்சி அவனையே பார்த்தாள். பிறகு சேற்றைவிட்டு வெளியே வந்தாள்.

அன்று பகலே முதல் படி பெயர்ந்தது. மந்திரி ஓடி வந்தார். "நிறுத்து! என்ன செய்கிறாய்?"

மருதூரான் பணிவாக ஓலையை நீட்டினான். "தடுப்பவர் எவராயினும் என்று இருக்கிறது ஐயா. தாங்கள் இப்போது தடுக்கிறீர்களா, சும்மா கேட்கிறீர்களா?"

மந்திரி தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, அரசனைத் தேடிக் காட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அரசன் வேட்டையில் எங்கோ உள்ளே போயிருந்தான். கண்டுபிடித்துக் கூட்டிவர ஐந்து நாள் ஆயிற்று. வந்து பார்த்தால் அரங்கம் இருந்த இடத்தில் கல் தூண்கள் மட்டும் நின்றன. குழியில் மண் இல்லை. காவலன் மட்டும் வாசல் இல்லாத வாசலில் வேலோடு நின்றான்.

"எங்கே என் அரங்கம்?" என்று கத்தினான் அரசன்.

"ஆணைப்படி கொட்டியாகிவிட்டது, அரசே," என்றான் மருதூரான்.

எல்லோரும் சூளைக்காட்டுக்குப் போனார்கள். பள்ளத்தின் சரிவைச் சுற்றி, அடிமுதல் முடிவரை, செங்கற்கள் படிப்படியாக ஏறியிருந்தன. நடுவில் சிவந்த மண் பரவிச் சமமாகக் கிடந்தது.

"கொட்டச் சொன்னால் கட்டியிருக்கிறாயே!" என்றார் மந்திரி.

"எப்படிக் கொட்ட வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லை ஐயா. நாங்கள் வரிசையாகக் கொட்டினோம்."

மந்திரி அரசன் பக்கம் திரும்பினார். "அரசே, இது ஏமாற்று! கால் பட்டது இரண்டு பிடி மண்ணில். செங்கலில் பெண் கால் பட்டதற்கு என்ன சாட்சி? ஆண்கள் மிதித்த மண்ணாக இருக்கலாம். பொய்யாக ஆணையை விரித்தவன் தலை போக வேண்டும்."

அரசன் மருதூரானைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. "சாட்சி உண்டா?"

மருதூரான் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு சாணுக்கு மேல் நீளமான கல். அதன்மேல் ஒரு காலடி, ஐந்து விரலோடு, வெந்து சிவந்திருந்தது.

"யாருடைய கால்?"

"எங்காலு," என்றாள் பேராச்சி. "கல்லு காய வச்சிருந்தோம். பந்து ஓடுச்சு, நானும் ஓடினேன். மிதிச்சிட்டேன்."

"வைத்துக் காட்டட்டும்!" என்றார் மந்திரி.

பேராச்சி காலை வைத்தாள். பொருந்தவில்லை. குதிகால் ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

மந்திரி கை கொட்டினார். "பார்த்தீர்களா அரசே! ஏதோ சிறுவனின் கால். பொய்ச் சாட்சி!"

மருதூரான் குனிந்து அந்தக் காலடியை மறுபடி பார்த்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

பேராச்சி மட்டும் அசையவில்லை. "மந்திரி ஐயா, நீங்க செங்கல் அறுத்து பாத்ததே இல்லியா?" என்றாள். "பச்சை மண்ணு காயுறப்போ சுருங்கும். சூளையில வேகுறப்போ இன்னுங் கொஞ்சம் சுருங்கும். சாணுக்கு ஒரு விரக்கடை கொறையும். கல்லு சுருங்குனா கல்லுல இருக்கற காலு சுருங்காதா? குருவம்மா, அச்சுப் பலகையைக் கொண்டா."

குருவம்மா கல் அறுக்கும் மர அச்சைக் கொண்டுவந்தாள். அந்தச் செங்கல்லை அச்சுக்குள் வைத்தார்கள். அதே அச்சில் பிறந்த கல். இப்போது தலைமாட்டில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அரசன் யானையிலிருந்து இறங்கித் தன் விரலையே விட்டுப் பார்த்தான். பிறகு பேராச்சியின் குதிகாலைப் பார்த்தான். இரண்டும் ஒரே அளவு.

"சரி, அந்த ஒரு கல்," என்றார் மந்திரி. குரல் இறங்கிவிட்டது. "மற்றக் கற்களில் கால் தெரியவில்லையே?"

"நல்லா மிதிச்சா தெரியாது," என்றாள் பேராச்சி. "தெரியாத மாதிரி மிதிக்கிறதுதான் எங்க வேலை."

அரசன் சிரித்தான். தொந்தி குலுங்கச் சிரித்தான். அவனைப் பார்த்து அவையோர் சிரித்தார்கள். தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி மருதூரானுக்குப் போட்டான். மருதூரான் வாங்கிக்கொண்டான். விகடனுக்கும் வயிறு உண்டு.

ஆனால் சூளைக்காட்டுப் பெண்கள் சிரிக்கவில்லை. அது அரசன் கண்ணில் பட்டது. "ஏனம்மா, உங்களுக்கு மகிழ்ச்சி இல்லையா?"

"மகாராசா, தலை போனாலும் போவட்டும், சொல்லிடறேன்," என்றாள் பேராச்சி. "அரிசி கேட்டு வண்டி வந்தப்போ ஒங்க பேர்லதான் வந்துச்சு. வாசல்ல எங்களைத் தள்ளினதும் ஒங்க பேர்லதான். மருதூரண்ணன் கெட்டிக்காரரா இல்லேன்னா இந்நேரம் எங்களுக்கு என்ன இருக்கும்? எங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேர ஒரு விகடன் வேணுமா?"

அரசன் சிரிப்பை நிறுத்தினான். "உனக்கு என்ன வேண்டும்?"

"இந்த ஆணையை ஓலையில எழுதாதீங்க. ஓலையை யார் வேணாலும் மாத்தி எழுதிடறாங்க. கல்லுல வெட்டுங்க."

பௌர்ணமியன்று அண்டை நாட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அரிசி கொடுத்த ஊர் முழுக்கப் படிகளில் உட்கார்ந்திருந்தது. களத்தின் ஓரத்தில் கல் நட்டிருந்தார்கள். அரச ஆணையைச் சபையில் படிப்பது பெரிய மந்திரியின் கடமை. உத்தண்டநாதர் முன்னால் வந்து உரக்கப் படித்தார்.

'இக்களம் பந்தாடும் பெண்களுக்கே உரியது. இதன் தண்ணீருக்கும் மண்ணுக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் கருவூலமே கொடுக்கும். நிலவும் சூரியனும் உள்ளவரை இது செல்லும். இதை மாற்ற நினைப்பவர்...'

அங்கே நின்றார். வழக்கமாக அந்த இடத்தில், கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்றுதான் வெட்டுவார்கள். கல்தச்சன் அப்படித்தான் வெட்டப் போனான். "பாவத்துக்குப் பயப்படறவங்க அரிசிய வாங்கிட்டு இப்படிச் செய்வாங்களா?" என்று பேராச்சி தடுத்து, வேறு தண்டனை சொல்லியிருந்தாள்.

"படியுங்கள் மந்திரியாரே," என்றான் அரசன்.

மந்திரி மீதியையும் படித்தார். '...ஓராண்டு முழுதும் சூளைக்காட்டில், விடியல்முதல் உச்சிவரை, மண் மிதிக்கக் கடவர்.'

முதலில் அரிசி கொடுத்த ஜனம் சிரித்தது. அடுத்துப் பெண்கள் சிரித்தார்கள். கடைசியாகத்தான் அரசன் சிரித்தான், அதுவும் சற்று அடக்கமாக. மந்திரி மட்டும் குனிந்து, தன்னுடைய மெல்லிய வெளுத்த பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.