ஏற்றத்தில் ஊறிய டீசல்

மலையைச் சுண்டுவிரலில் ஏந்தி ஏழு நாள் நின்ற கண்ணனுக்கே, அதற்கு முன்னர் ஆயர்பாடியில் எத்தனை குடம் வெண்ணெய் செலவாயிற்று என்பது உலகறிந்தது. சுமைக்குத் தக்க தீனி என்னும் நியதி தெய்வத்துக்கும் உண்டு. இல்லை என்று சாதித்தவர் இப்பூவுலகில் ஒருவரே. அவர் மருதமங்கலம் எடைமேடைக்கு எதிரே அரை டன் பிக்கப் வண்டி வைத்திருக்கும் பூவலிங்கம்.

மலைமேல் இருக்கும் முருகன் கோயிலின் அன்னதானத்துக்கு நாள்தோறும் ஒரு டன் அரிசியும் பருப்பும் காய்கறியும் ஏற வேண்டும். ஓட்டுபவருக்குக் கூலி தனி. டீசல் மட்டும் அடியார் ஒருவருடைய உபயம். உபயப் பொருளில் ஒரு சொட்டும் வீணாகலாகாது என்பதால், ஆனி மாதம் பிறந்ததும் பண்டகசாலைப் பொறுப்பாளர் வடிவாம்பாள் எடைமேடைக்கு வந்து வண்டிக்காரர்களை அழைப்பார். குறைந்த டீசலில் கொண்டுசேர்ப்பவருக்கே அந்த ஆண்டின் ஓட்டம்.

அந்த ஓட்டம் பூவலிங்கத்துக்கு வேண்டியிருந்தது. வழக்கமாகச் சுமை கொடுத்துவந்த தக்காளி மண்டிக்காரர் சொந்தமாகப் பெரிய லாரி வாங்கிய நாள் முதல் மூன்று மாதமாக அவர் வண்டி நின்ற இடத்திலேயே தவம் செய்துகொண்டிருந்தது. இதுவும் கைநழுவினால் வண்டியை விற்றுவிட்டு மைத்துனர் வைத்திருக்கும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான் என்று அவர் இல்லாள் அன்று காலையில்தான் தீர்ப்பு வழங்கியிருந்தாள்.

முதலில் பேசியவர் சவரிமுத்து. அவரும் அதே வகை வண்டி வைத்திருப்பவர். ஆனால் அளந்து பேசுபவர். அரை டன் வண்டியில் அரை டன்தான் ஏற்றுவேன் என்றார். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு நடை. போக வர நாற்பத்து நான்கு கிலோமீட்டர். வெறும் வண்டி லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும்; பாரத்தோடு அந்த மலை ஏறினால், போக வரச் சேர்த்துப் பதினொன்றுக்கு இறங்கிவிடும். நடைக்கு நான்கு லிட்டர், ஆக எட்டு.

"பாரம் கூடினா மைலேஜ் குறையும்மா. ஒண்ணு வேணும்னா இன்னொண்ண விட்டுத்தான் ஆகணும்" என்று முடித்தார்.

ஏழு லிட்டர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வாய்மூடி நிற்பது என்று பூவலிங்கம் வீட்டிலிருந்தே சங்கற்பம் செய்துகொண்டு வந்திருந்தார். சொல்லியும் இருப்பார். அதற்குள் எடைமேடை எழுத்தர் சன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன பூவலிங்கண்ணே, உங்க வண்டிக்கும் அதே கணக்குதானே" என்று கேட்டுவிட்டார். 'அதே' என்ற சொல் அவர் நெஞ்சில் வேலாகத் தைத்தது. சங்கற்பம் கலைந்தது.

"வெறும் வண்டி பதினாறு குடுக்குறது வாஸ்தவந்தான். ஏன்னா சும்மா போறது அதுக்கு அவமானம். அரை டன் வைங்க, இருபத்திரண்டு. ஒரு டன் வைங்க, முப்பது. வயித்துல பாரம் இருந்தா அதுக்குப் பசி தெரியாதும்மா."

எழுத்தர் சிரித்தார். சவரிமுத்து, பின்சக்கரத்து வில்லுப்பட்டை தாங்குமா மாப்ளே என்று மட்டும் கேட்டார். மூன்றடி மண் கேட்டு வந்த வாமனன் மூவுலகையும் அளக்க ஓங்கியதுபோல, பூவலிங்கத்தின் பேச்சு அவ்விடத்தில்தான் வளரத் தலைப்பட்டது.

சென்ற ஐப்பசியில் இரண்டு டன் சின்ன வெங்காயம் ஏற்றினாராம். ஏழாம் வளைவில் ரேடியேட்டர் வற்றியது. ஆனால் இத்தனை வெங்காயத்தை முதுகில் சுமந்த வண்டியால் கண்ணீரை அடக்க முடியவில்லை. முன்விளக்கு இரண்டிலும் தாரை தாரையாய் வழிந்த நீரை ஒரு சொம்பில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றியதும் வண்டி ஐம்பது கொடுத்ததாம்.

எழுத்தர் தமது எடைமேடையில் இரண்டு டன்னோடு அந்த வண்டி ஏறியதே இல்லையே என்றார். அதை எடைமேடை தாங்காது என்று பரிவோடு தாம்தான் ஒதுங்கிப் போனதாகப் பூவலிங்கம் விளக்கினார்.

பிறகு யானை வந்தது. நான்கு டன். அது பின்புறம் அமர்ந்ததும் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழுந்துவிட்டன. தரையில் படுவது இரண்டே சக்கரம் என்றால் டீசலும் பாதிதானே? போதாக்குறைக்கு யானை காதை விசிற, அந்தக் காற்று வண்டியை உந்த, மைலேஜ் நூறைத் தாண்டிற்று. முன்சக்கரம் தரையில் இல்லாமல் எப்படித் திருப்பினீர்கள் என்று சவரிமுத்து கேட்டார். திரும்ப வேண்டிய பக்கம் யானை தும்பிக்கையை நீட்டும் என்று சற்றும் தயங்காமல் பதில் வந்தது.

வடிவாம்பாள் இதுவரை சிரிக்கவில்லை. அது பூவலிங்கத்தை மேலும் உருக்கிற்று. இறைவன் சந்நிதியில் கசிந்து நிற்கும் அடியவர்போல் குரல் தழுதழுக்க, ஒருவருக்கும் இதுவரை உரைக்காத உண்மையை அவருக்கென்றே உரைத்தார்.

"போன தையில ரோடு ரோலர் ஒண்ணு ஏத்தினேம்மா. எல்லாஞ் சேத்து இருபது டன். வண்டி ஏற ஏற, பாரந் தாங்காம மலை முன்னாடி அமுங்கிக்கிட்டே வருது. மேடெல்லாம் பள்ளமாயிருச்சு. நான் இறக்கத்துலயே உச்சிக்குப் போயிட்டேன். நியூட்ரல்ல."

"அப்ப மலை?" என்றார் எழுத்தர்.

"நான் இறங்குனதும் எந்திரிச்சு நின்னுக்கிச்சு."

அத்தோடு நின்றாரா? ஏற்றம் இறக்கமானதால் எஞ்சின் பின்னோக்கிச் சுழன்று, குடித்த டீசலையெல்லாம் திருப்பிக் கக்கிற்று. நடைக்கு எட்டு லிட்டர் டாங்கியில் ஊறிற்று. உச்சியை அடையுமுன் மூடி தெறித்து வழிந்தது. கீழே இறங்கியதும் பங்க்கில் குழாயைத் தலைகீழாய்ப் பிடித்து அவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

பூவலிங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். சொல்ல வந்த ஏழு லிட்டர் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

வடிவாம்பாள் குறிப்பேட்டைத் திறந்தார். "சரி தம்பி. இந்த வருச ஓட்டம் உங்களுக்கே."

கோழிப்பண்ணை பூவலிங்கத்தின் கண்முன்னே பஞ்சாய்ப் பறந்து மறைந்தது. கைகூப்பினார். வடிவாம்பாள் பண்டகசாலை வேனிலிருந்து ஒரு வெற்றுக் கேனை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார்.

"டீசல் உங்களுக்குக் குடுக்க வேண்டியதில்ல. மலைமேல சமையக்கட்டுல ஜெனரேட்டர் இருக்கு. ஊறுற எட்டு லிட்டர்ல அஞ்ச மட்டும் தினமும் இதுல இறக்கி வச்சுருங்க. மிச்சம் மூணு நீங்களே வச்சுக்கங்க."

பூவலிங்கம் கேனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மலையையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது ஏழு என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுப் பிழைத்திருக்கலாம். நா அவர் வசத்தில் இல்லை.

"ஊறும்மா. சந்தேகமே வேண்டாம். ஆனா அதுக்கு இருபது டன் ஏத்தணும். ஒரு டன்னுக்கெல்லாம் என் வண்டி திரும்பிக்கூடப் பாக்காது."

வடிவாம்பாள் தலையை அசைத்துக்கொண்டே குறிப்பேட்டில் ஒரு பெயரை அடித்து வேறொரு பெயரை எழுதினார். கேனைத் தூக்கிச் சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"நீங்க எட்டு லிட்டர் புடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க தம்பி" என்றவர், பூவலிங்கத்திடம் திரும்பி, "மலையில இருபது டன் சோறு ஆக்குற அன்னிக்கு உங்களுக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றார்.