முத்தாரமும் கழுத்துச் சுளுக்கும்

வேலாழி நாட்டு மன்னர் செண்டலங்காரரிடம் பரம்பரை முத்தாரம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்துக்குளிப்பு தொடங்கும் நாளில் மட்டும் அதை அணிந்து கடற்கரைக்குப் போவார். நேர்மையானவர் கழுத்தில் அது ஒளிவிடும் என்பது நம்பிக்கை. மங்கிவிட்டது என்று எவனாவது சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும் என்பது சட்டம்.

முத்துக்குளிப்புக்கு இன்னும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இருந்தது. பொக்கிஷதார் காரிநாதர் சபையில் பேழையைத் திறந்தார். முத்துகள் பழைய சோற்றுப் பருக்கை போல வெளிறிக் கிடந்தன.

"அடடா, கண் கூசுகிறது!" என்றார் காரிநாதர்.

"நிலவு தோற்றது!" என்றார் சேனாபதி.

"விளக்கை அணைத்துவிடலாம்," என்றார் புரோகிதர்.

ஆலோசகர் நம்பிச்சாத்தர் மட்டும் பேசவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். பொய் சொல்லக் கூச்சமில்லை. ஆனால் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போன தடவையே முத்துகள் லேசாக மங்கியிருந்தன. அப்போதும் வாயை மூடிக்கொண்டவர்தான்.

"என்ன சாத்தரே, வாயில் கொழுக்கட்டையா?" காரிநாதர் இளித்தார். "ஒளிர்கிறதா, இல்லையா? மகாராஜா காதில் விழச் சொல்லும்."

சாத்தரின் நாக்கு, இன்னும் இருக்கிறோமா என்று அண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"முத்துக்கு உடம்புச் சூடு நல்லது, மகாராஜா. ஒரு மண்டலம் பொக்கிஷதாரே அணிந்திருக்கட்டும். பிறகு கரையில் முத்துக்குளிப்பவர்கள் பார்க்கட்டும். முத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஒளிவிட்டால் இவர் நேர்மை ஊருக்கே தெரியும்."

"மங்கியிருந்தால்?" என்றார் மன்னர்.

"மங்குமா? கண் கூசுகிறது என்கிறாரே!"

காரிநாதர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "நேற்றிலிருந்து சுளுக்கு, மகாராஜா."

சேனாபதிக்கும் சுளுக்கு. புரோகிதருக்கு மூன்று நாளாகவே சுளுக்கு.

மன்னர் முகம் இருண்டது. "ஆரம் மங்கிவிட்டது என்கிறீரா, சாத்தரே?"

"நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகாராஜா. கழுத்துகள்தான் சொல்லிவிட்டன."

மன்னர் குரல் தாழ்ந்தது. "அப்படியென்றால் மங்கியது என் நேர்மையா?"

"பன்னிரண்டு வருஷம் மனுஷச் சூடு படாமல் பூட்டிவைத்தால் எதுதான் மங்காது?"

மன்னர் பேழையிலிருந்து ஆரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து சாத்தர் கழுத்தில் போட்டார்.

"ஒரு மண்டலம் நீரே அணியும். ஏன் நெளிகிறீர்? உமக்கும் சுளுக்கா?"

போன தடவை மூடிய வாய் சாத்தருக்கு நினைவுக்கு வந்தது.

"இதுவரை இல்லை, மகாராஜா. இப்போதுதான் லேசாகப் பிடிக்கிறது."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாக்கறுக்கும் சட்டத்தை அப்போதே எடுத்துவிட்டார். ஆரத்தை மட்டும் சாத்தர் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.