லாயத்தில் விட்ட முயல்கள்

கேளுங்கள் பிள்ளைகளே, கொட்டாவி விடாமல் பெரியவர்களும் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னே ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ராஜா இருந்தார், அக்கரையில் ஒரு ராஜா இருந்தார். மூன்று தலைமுறையாக இரண்டு கரைக்கும் சண்டை. எதற்காகச் சண்டை என்று கேட்டால் இருவருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. கடைசியில் அக்கரை ராஜா தன் தங்கை இளநாச்சியை இக்கரை ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்துச் சமாதானம் ஆனார்.

இளநாச்சி புகுந்த வீட்டுக்கு வரும்போது முல்லை என்ற தன் வெள்ளை முயலையும் கூடையில் கொண்டுவந்தாள். அங்கே ஏற்கெனவே மேகம் என்று ஒரு சாம்பல் நிற முயல் இருந்தது. அது ராஜாவின் தம்பி ஆசையாய் வளர்த்தது. அந்தத் தம்பி கடைசிப் போரில் அக்கரை ஈட்டிக்குப் பலியானான். அவனைப் பெற்ற பெரியராணி கோமளவல்லிக்கு, மகன் போன பிறகு அந்த முயல்தான் உலகம்.

வந்த விருந்தாளிக்கு நல்ல இடம் கொடுப்பதுதானே மரியாதை? அரண்மனைக்காரர்கள் முல்லையை மேகத்தின் கூண்டிலேயே விட்டார்கள். மேகம் பாய்ந்து கடித்தது. முல்லையின் முதுகு முடி கொத்தாகப் பிய்ந்தது.

இளநாச்சியும் பதில் மரியாதை செய்தாள். மேகத்தைத் தன் அறைக்கு எடுத்துவந்து விட்டாள். இப்போது முல்லை பாய்ந்தது. மேகத்தின் காது கிழிந்து ரத்தம் கொட்டியது.

பெரியராணி ஓடிவந்து மேகத்தை வாரி எடுத்தாள். “உங்கள் ஊர் என் பிள்ளையைத் தின்றது போதாதா? அவன் வளர்த்த வாயில்லா ஜீவனையும் தின்ன வேண்டுமா? இன்னொரு தடவை இதன்மேல் பல் பட்டால், உன் முயலோடு நீயும் ஆற்றைத் தாண்டிப் போய்விடு!”

ராஜா கோட்டையைப் பிடிக்கிற வீரர்தான், ஆனால் அம்மா முன்னால் அவருக்கு நாக்கு எழும்பாது.

இளநாச்சி திரும்பிப் போனால் அண்ணன் அவமானம் என்று கொதிப்பான். மறுபடியும் படகுகளில் ஈட்டிகள் ஏறும். முயல்களைப் பிரித்தே வைத்துவிடலாம் என்றால், ஒன்றின் வாசனை பட்டாலே மற்றது கதவைப் பிராண்டியது. மேகம் தீனியைத் தொடாமல் இளைத்துக்கொண்டே போனது. அது செத்தாலும் பழி அவள் தலையில்தான்.

அவள் யோசித்தாள். கூண்டில் கடித்தது மேகம், அறையில் கடித்தது முல்லை. இதில் எது பொல்லாதது? இரண்டும் இல்லை. யார் இடத்தில் நடந்ததோ, அவர்தான் கடித்திருக்கிறார்!

“அத்தை, ஒரே ஒரு தடவை. உங்கள் இடமும் வேண்டாம், என் இடமும் வேண்டாம். பழைய குதிரை லாயத்தில் விட்டுப் பார்க்கலாம். நீங்களும் வாருங்கள்.”

“கடித்தால்?”

“அப்படியே படகு ஏறிவிடுகிறேன்.”

போருக்குப் போன குதிரைகள் திரும்பாததால் அந்த லாயம் வெறுமையாய்க் கிடந்தது. பெரியராணிக்கு அங்கே ஆசனம் இல்லை. எப்போதும் மாமியார் முன் நின்றே பழகிய இளநாச்சியும் அன்று உட்கார்ந்தாள். இருவரும் ஒரே வைக்கோல் குவியலில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்தார்கள்.

முயல்களை இறக்கிவிட்டார்கள். ஒரு தடவை சுற்றின. இரண்டு தடவை சுற்றின. மூன்றாம் தடவை நேருக்கு நேர் நின்றுவிட்டன. மேகம் பின்னங்காலைத் தரையில் ஓங்கி அடித்தது. முல்லை காதுகளை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டது. மாமியாரும் மருமகளும் வைக்கோலின் விளிம்புக்கு நகர்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காற்றில் லாயக் கதவு ‘படார்’ என்று சாத்திக்கொண்டது. இரண்டும் ஒருசேரத் துள்ளின. இளநாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

சத்தமே இல்லை. மெல்லக் கண் திறந்தாள். தெரியாத இடத்தில் பயந்துபோன இரண்டும் ஒரே மூலையில், விலாவோடு விலா ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் மேகம் தலையைத் தாழ்த்தியது. முல்லை அந்தக் கிழிந்த காதை மெதுவாக நக்கிக்கொடுத்தது.

அப்போதுதான் இளநாச்சி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டபோது பயத்தில் அதைப் பிடித்த அத்தையின் கை, இன்னும் விடவில்லை.

“தலையெல்லாம் வைக்கோல். இப்படித் திரும்பு,” என்றாள் பெரியராணி. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, மருமகளின் கூந்தலிலிருந்து ஒவ்வொரு துரும்பாக எடுத்தாள்.

அன்று ஆற்றில் மீன்பிடிப் படகுகள் மட்டும்தான் போயின.

பகைத்தவர்கள் சேர வேண்டுமானால், இருவருமே தங்கள் இடத்தை விட்டு வெளியே வர வேண்டும்.