மாசிலாமணிக்கு ஒரு புகழுரை

முல்லைக்கோட்டை நாட்டில் அரசர் நினைத்த ஆளை நினைத்த பதவியில் உட்கார வைத்துவிட முடியாது. பெயரைப் பேரவையில் வைக்க வேண்டும். பேச விரும்புகிறவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு மணி அடித்துக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் பதவி உறுதி.

அன்று காலை பேரவை கூடுவதற்கு முன்பே அரசர் செழியவேள் தம் ஆலோசகன் சீராளனைத் தனியாக அழைத்தார்.

“பெரிய ஏரிக்கு அதிகாரியாக மாசிலாமணியின் பெயர் இன்று வருகிறது” என்றார்.

மாசிலாமணி வேறு யாருமில்லை, நாட்டின் முதலமைச்சரான பிரதானி தாண்டவராயரின் மைத்துனர். மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று எதுவும் தெரியாதவர். மழைக்காலமோ நெருங்கிவிட்டது. கரை உடைந்தால் கீழ்நாட்டு ஊர்கள் அத்தனையும் தண்ணீரோடு போகும்.

“நீங்களே மறுத்துவிடலாமே, அரசே?”

“எப்படி மறுப்பேன்? நான் நோயில் கிடந்தபோது நாட்டைக் காப்பாற்றியவர் தாண்டவராயர். அதற்காக ஒரு வாக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். மைத்துனரைப் பற்றிப் பேரவையில் யாரும் குறை சொல்லக் கூடாதாம். சொன்னால் நாடு கடத்த வேண்டுமாம். சீராளா, இந்தப் பதவியை நீ தடுக்க வேண்டும். ஆனால் குறையாக ஒரு சொல் உன் வாயில் வரக் கூடாது.”

“வாயைக் கட்டிவிட்டுப் பாடச் சொல்கிறீர்கள்.”

“பாடு” என்றார் அரசர்.

பேரவை கூடியது. யானைக் கொட்டாரத்துக்கு ஒருவர், சுங்கச் சாவடிக்கு ஒருவர் என்று காரியங்கள் மளமளவென நடந்தன. தாண்டவராயர் முன்வரிசையில் அரியணையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் மண்டபத்தில் முக்கால் பங்கை அடைத்திருந்தார்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் பக்கத்துத் தோப்பில் அவர்களுக்கெல்லாம் பிரதானி வீட்டு விருந்து. ஓரத்தில் கீழ்நாட்டுக்காரர்கள் மட்டும் இறுகிய முகத்தோடு இருந்தார்கள்.

மாசிலாமணியின் பெயர் வந்தது. சீராளன் எழுந்தான்.

“என்ன குறை கண்டீர்?” என்றார் தாண்டவராயர் சிரித்தபடி.

“குறையா? பெயரிலேயே மாசில்லாத மனிதர். நான் புகழ வந்திருக்கிறேன்.”

தாண்டவராயர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சீராளன் மாசிலாமணியின் கொள்ளுத்தாத்தாவில் தொடங்கினான். அவர் வெட்டிய கிணறு, அதில் ஊறிய தண்ணீர், அந்தத் தண்ணீரின் சுவை. பிறகு தாத்தா. தாத்தாவின் குதிரை. குதிரையின் சுழி. மாசிலாமணி பிறப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“அவருடைய நிதானத்தைச் சொல்லவா? வீடு தீப்பிடித்த அன்று எல்லாரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். இவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார். இப்படிப்பட்டவரை வெள்ளத்தால் அசைக்க முடியுமா?”

கீழ்நாட்டுப் பக்கம் யாரோ செருமினார்கள். அரசர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார்.

தாண்டவராயருக்குச் சுருக்கென்றது. ஆனால் எதைச் சொல்லி நிறுத்துவது? மைத்துனரைப் புகழாதே என்று அவரே எப்படிச் சொல்வார்?

அதற்குள் தோப்பிலிருந்து வாசனை கிளம்பியது. நெய்யில் முந்திரி வறுபடுகிறது. அடுத்து வடை. பின்வரிசையில் ஒருவர் வயிற்றைத் தடவினார். இன்னொருவருக்குத் தலைவலி வந்தது, மெல்ல நழுவினார். அடுத்தவருக்குக் கால் மரத்தது. இவன் இப்போதைக்கு முடிக்க மாட்டான், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். சீராளனுக்கும் பசிதான், காதை அடைத்தது. ஆனாலும் மாசிலாமணியின் குறட்டையில் இருக்கும் தாளக்கட்டை விவரித்துக்கொண்டே கண்ணால் மண்டபத்தை அளந்தான். கீழ்நாட்டுக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்கள் வீடும் வயலும் அந்த ஏரிக்குக் கீழேதான் இருந்தன.

கடைசியாக, மாசிலாமணியே எழுந்து தோப்புப் பக்கம் போவதைப் பார்த்தான்.

“இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்றான்.

மணி அடித்தது. கதவு சாத்தப்பட்டது. தாண்டவராயர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெறும் இருக்கைகள்.

ஆதரித்து எழுந்த கைகளைத் தேட வேண்டியிருந்தது. எதிர்த்து எழுந்த கைகளில் முதல் கை சீராளனுடையது.

“அரை நாள் புகழ்ந்துவிட்டு எதிராகக் கை தூக்குகிறாயே, இது என்ன நியாயம்?” என்று கேட்டார் அரசர்.

“இவ்வளவு பெருமை உள்ளவரை ஏரிக்கரைச் சேற்றில் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை, அரசே.”

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். “இது செல்லாது. என் ஆட்கள் எல்லாரும் பந்தியில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும்.”

அரசர் கவலையோடு சீராளனைப் பார்த்தார்.

“தாராளமாக எடுக்கலாம், அரசே” என்றான் சீராளன். “ஆனால் பேசி முடித்த பிறகுதான் வாக்கெடுப்பு என்பது இந்த அவையின் முறை. மறுபடி வாக்கெடுப்பு என்றால் மறுபடி பேச்சு. அதுவும் நல்லதுதான். நேரம் போதாமல் அவருடைய இளமைப் பருவத்தை விட்டுவிட்டேன்.”

தாண்டவராயர் சீராளனைப் பார்த்தார். பிறகு தோப்புப் பக்கம் பார்த்தார்.

“வேண்டாம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அரசர் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே மூச்சில் வெடித்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். அவனோ, முதலில் ஒரு செம்பு மோர் கிடைத்தால் புண்ணியமாகப் போகும் என்றான்.

கீழ்நாட்டார் உடனே மதகு வேலையில் பழகிய எழினி என்பவரின் பெயரை வைத்தார்கள். பேச விரும்புகிறவர் யாராவது உண்டா என்று அரசர் கேட்டார். சீராளன் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் எழினிக்கு ஆதரவாக ஒரு கை உயர்ந்துவிட்டது. அது தாண்டவராயருடைய கை.