மானுக்கு மாற்றாக ஒரு பன்றி

அல்லிக்குளத்துத் தவளைக்கும் மைனாவுக்கும் அன்று காலையிலிருந்தே சண்டை. குளக்கரை அணி போன கோடையில் ஜெயித்ததா, இல்லை தப்பித்ததா என்பதுதான் சண்டை.

"ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! அதுக்குப் பேர் ஜெயிக்கிறதா?" என்று தவளை கத்தியது.

"மூணு வருஷமா நாமதானே ஜெயிக்கிறோம்!" என்றது மைனா.

"ஜெயிச்சா போதுமா? பார்க்க நல்லா இருக்க வேண்டாமா?"

அந்தக் காட்டில் காய்ப்பந்துதான் பெரிய ஆட்டம். காய்ந்த விளாங்காய்தான் பந்து. ஒருவர் பின்னால் நின்று காயை எறிய வேண்டும். இன்னொருவர் முன்னால் ஓடிப்போய் அதைப் பிடித்து, எதிரணியின் எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஒரு புள்ளி. எறிகிறவரை எறியவிடாமல் கீழே தள்ள எதிரணி பாய்ந்து வரும். கடிக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு கோடையிலும் குளக்கரை அணியும் பாறைமேட்டு அணியும் மோதும். ஜெயித்த அணியின் கூட்டத்துக்கு, மழை வரும்வரை குளத்தில் முதல் உரிமை. முதலில் குடிக்கலாம், முதலில் குளிக்கலாம். தோற்றவர்களுக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன மிச்சம். கோடையில் குளம் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். ஆகவே இது சும்மா விளையாட்டு இல்லை.

குளக்கரை அணியில் காயை எறிவது ஒரு மந்தி. அதன் கை சுழன்றால் காய் நினைத்த இடத்தில் போய் விழும். ஓடிப் பிடிப்பது ஒரு கீரி. சுமாராக ஓடும். மந்திக்கு முன்னால் நிற்பது ஒரு காட்டுப்பன்றி. அதன் பெயர் மொத்தையன். அது ஓடாது, எறியாது, பிடிக்காது. நிற்கும். பாய்ந்து வருகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் மோதிவிட்டு, வந்த வழியே உருண்டு போவார்கள். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மந்தியைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். மொத்தையன் ஓரமாகப் போய்க் கோரைக்கிழங்கு தோண்டும்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் மைனா ஒரு சேதி சொன்னது.

"ஒண்ணு கேள்விப்பட்டேன். பாறைமேட்டு வெளிமானைக் கொடுக்கத் தயாரா இருக்காங்களாம்!"

தவளையின் கண்கள் ஏற்கனவே பிதுங்கியிருந்தன. இப்போது இன்னும் பிதுங்கின. "யாரு? அந்த முறுக்குக் கொம்பா? விசையனா?"

"அவனேதான்!"

அந்த மான் ஓடினால் புல் அசைவது மட்டும்தான் தெரியும். அதைப் போல ஓடுகிறவர்கள் அந்தக் காட்டில் யாரும் கிடையாது. சேதி அரை நாளில் குளம் முழுக்கப் பரவியது. ரசிகர்கள் எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள்.

"விசையன் வந்தா வருஷத்துக்கு இருபது புள்ளி!"

"இருபதா? நாப்பது! அதுவும் அவன் நொண்டிக்கிட்டு ஓடினா!"

"கீரியை எல்லாம் இனி யாரு பார்ப்பா?"

கீரி அங்கேதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் இருந்த முள்ளெலி மட்டும் ஒரு கேள்வி கேட்டது. "சரி, மானைச் சும்மா தருவாங்களா? பதிலுக்கு யாரைக் கேக்குறாங்க?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. மைனா பறந்து போய்க் கேட்டுவிட்டு வந்தது. பாறைமேட்டு அணியை நடத்தியது ஓர் உடும்பு. அதன் பெயர் கல்லுடையார். நாள் முழுக்கப் பாறைமேல் படுத்து வெயில் காய்வதுதான் அதன் வேலை. மூன்று கோடை ஆட்டங்களையும் அது அப்படிப் படுத்தபடியே, கண்ணை மூடாமல் பார்த்திருந்தது.

"கல்லுடையார் என்ன சொன்னார்? மந்தியைக் கேட்டாரா?" என்று எல்லாரும் மொய்த்தார்கள்.

"மந்தி வேண்டாமாம்."

"கீரியா?"

"கீரியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம். பன்றியைக் கொடுத்தா போதுமாம்!"

கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"பன்றியா! மொத்தையனா!" தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்து, மறுபடி ஏறி வந்து சிரித்தது. "கிழவனுக்கு வெயில் தலைக்கேறிப்போச்சு! உடனே கொடுங்கய்யா! அவர் தூங்கி எழுந்து மனசு மாறுறதுக்குள்ள கொடுங்க!"

"மொத்தையன் போன வருஷம் எத்தனை புள்ளி எடுத்தான்?" என்றது ஒரு நாரை.

"பூஜ்யம்!"

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும் பூஜ்யம்!"

முள்ளெலி சொன்னது: "மந்தி போன வருஷம் எத்தனை தடவை கீழே விழுந்துச்சு? அதையும் சொல்லுங்க."

"ஒரு தடவைகூட விழல. அவ கெட்டிக்காரி!"

"ஏன் விழலைன்னு யாராவது யோசிச்சீங்களா?"

"டேய், உனக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? சுருண்டு படுத்துக்கோ!" என்றது தவளை. எல்லாரும் கைதட்டினார்கள்.

குளக்கரை அணியின் தலைவர் ஒரு மயில். அதற்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். ஆனால் கைதட்டல் இல்லாமல் அதற்குச் சோறு இறங்காது. மந்தி ஓடிவந்து மயிலிடம் மன்றாடியது.

"தலைவரே, மொத்தையனை அனுப்பிடாதீங்க! நான் கையைச் சுழட்டி எறியணும்னா ஒரு மூச்சு நேரமாவது நிக்கணும். அவன் இல்லாம என்னை யாரு நிக்க விடுவாங்க?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ரசிகர்கள் ஆசைப்படுறாங்களே" என்றது மயில். அதற்குள் கரையிலிருந்து "மான்! மான்! மான்!" என்று கூச்சல் கேட்டது. மயிலின் தோகை தானாக விரிந்தது. மந்திக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்று.

மறுநாள் காலை மொத்தையன் புறப்பட்டது. வழியனுப்ப மந்தியும் முள்ளெலியும் மட்டும் வந்தார்கள்.

"வருத்தமா இருக்கா?" என்று மந்தி கேட்டது.

"சிரிச்சாங்களே, அதுதான் கொஞ்சம்..." என்றது மொத்தையன். மேலே சொல்லாமல் மூக்கால் மண்ணைக் கிளறியது. "சரி விடு. நீ எறியும்போது இடது காலை ரொம்ப அகட்டாதே. விழுந்தா அடி பலமா படும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

அதே பாதையில் எதிரே மான் வந்தது. அதற்கு மாலை, கூத்து, கூச்சல் எல்லாம் காத்திருந்தன. தவளை இரண்டு நாள் விடாமல் கத்தி வரவேற்றது. மான் நல்ல பிள்ளை. கூச்சத்தோடு மந்தியிடம் வந்து நின்றது.

"அக்கா, நீங்க எறிங்க, எங்கே விழுந்தாலும் நான் போய்ப் பிடிச்சிடுவேன். ஆனா ஒண்ணு. உங்க முன்னாடி யாரு நிக்கப்போறாங்க?"

"கீரி" என்றது மந்தி.

மான் கீரியைப் பார்த்தது. கீரி வேறு எங்கோ பார்த்தது.

கோடை ஆட்டத்தன்று காடே திரண்டு வந்தது. மயில் அகவியதும் மான் பாய்ந்தது. என்ன ஓட்டம்! எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் அது எல்லைக்கோட்டருகே போய் நின்று, கொம்பை உயர்த்திக்கொண்டு காத்திருந்தது. ரசிகர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காய்தான் வரவில்லை.

பாறைமேட்டுக் கரடிகள் இரண்டு கீரியைத் தட்டிவிட்ட வேகத்தில், அது பறந்து போய் அல்லி இலைமேல் விழுந்தது. அடுத்த நொடி மந்தி தரையில் கிடந்தது. அதன்மேல் கரடிகள் கிடந்தன. காய் எங்கோ உருண்டு போயிருந்தது.

"பரவாயில்லை! ஓட்டத்தைப் பார்த்தீங்களா, ஓட்டத்தை!" என்று தவளை கூவியது.

இரண்டாம் முறையும் மான் ஓடியது. இரண்டாம் முறையும் மந்தி கரடிக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் முறை, நான்காம் முறை, ஐந்தாம் முறை. ஒவ்வொரு தடவையும் மான் அழகாக ஓடிப்போய், வெறுங்கொம்போடு நின்று, வெட்கத்தோடு நடந்து திரும்பியது. பாறைமேட்டு அணியில் எறிந்தது ஒரு கிழட்டுக் குரங்கு. ஓடிப் பிடித்தது ஒரு நரி. இரண்டும் சாதாரணம்தான். ஆனால் அந்தக் குரங்கின் முன்னால் இப்போது மொத்தையன் நின்றது. குரங்கு நிதானமாகச் சொறிந்துகொண்டு, நாலு பக்கமும் பார்த்து, பிறகு எறிந்தது. ஆறு புள்ளி எடுத்துவிட்டார்கள்.

இடைவேளையில் ரசிகர்கள் கூடிப் பேசினார்கள்.

"மந்தி மெதுவா எறியுது. அதுதான் கோளாறு!"

"மந்தியைக் கொடுத்துட்டு இன்னொரு மானை வாங்கிடலாமா?"

"ரெண்டு மான்! அப்பா! நினைச்சாலே உடம்பு சிலிர்க்குது!"

"காயை யாரு எறியிறது?" என்று முள்ளெலி கேட்டது.

"எப்பப் பாரு எதிர்மறையாவே பேசு!" என்று நாரை சீறியது.

இடைவேளைக்குப் பிறகு உடும்பு கரடிகளை உட்காரவைத்துவிட்டு, மொத்தையனை மந்தியின் பக்கம் அனுப்பியது. மந்தி காயைக் கையில் எடுத்து நிமிர்ந்தது. எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு மொத்தையன் வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷமாக அதன் முதுகை மட்டுமே மந்தி பார்த்திருந்தது. முகத்தை ஆட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மந்தி எறிய மறந்து நின்றது.

நாலடி தூரத்தில் மொத்தையன் குளம்பைத் தரையில் அழுத்தி நின்றது. மூச்சு இரைத்தது.

"படுத்துக்கோ" என்று மெல்லச் சொன்னது.

"என்ன?"

"படுத்துக்கோன்னு சொல்றேன்! நான் மோதினா உனக்கு ஒரு எலும்பு மிஞ்சாது. மோதாம இருந்தா கல்லுடையார் என்னைச் சும்மா விடமாட்டார். நீயே படுத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது!"

மந்தி காயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அதற்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. தூரத்தில் எல்லைக்கோட்டில் மான் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது.

குளக்கரை அணி ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

மறுநாள் விடியும்போதே பாறைமேட்டுக் கூட்டம் குளத்தில் இறங்கியது. முதலில் கரடிகள். பிறகு மொத்தையன், புதிதாகக் கிடைத்த சொந்தக்காரர்கள் பதினோரு பேருடன். குளித்து, புரண்டு, மூக்குச் சிந்தி, மத்தியானம்தான் எழுந்தார்கள். அதன் பிறகு குளத்தில் இருந்தது தண்ணீர் அல்ல, குழம்பு. குளக்கரைக் கூட்டம் அதைத்தான் குடித்தது. தவளையின் வீடு குளத்துக்குள்ளேயே இருந்ததால், அதற்குக் குடிப்பது மட்டும் பிரச்சினையாக இல்லை. ஒரு பன்றி தலைமேல் உட்கார்ந்தபோது அது "ஆட்டம் முடிஞ்சுபோச்சு, எழுந்திருங்கய்யா!" என்று கத்தியது. சேற்றுக்குள்ளிருந்து குமிழிதான் வந்தது.

பத்தாவது நாள் மயில் கூட்டம் கூட்டியது. அதன் தோகை சேறுபட்டுத் துடைப்பம்போல் இருந்தது.

"மொத்தையனைத் திரும்பக் கேக்கலாம்" என்றது. "மானைத் திருப்பிக் கொடுத்துடுவோம்."

மைனா பாறைமேட்டுக்குப் பறந்தது. உடும்பு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"மானா? நல்லாத்தான் ஓடுது. ஆனா பன்றியைத் தர்றதா இல்லை. வேற ஏதாவது பேசணுமா? வெயில் போறதுக்குள்ள சொல்லு."

மைனா அந்தப் பதிலைக் கொண்டுவந்தபோது மந்தி எழுந்தது. முதுகில் இன்னும் கரடி நகத்தின் கீறல் ஆறவில்லை.

"அப்ப நான் அங்க போறேன், தலைவரே."

"என்னம்மா இது! நீயும் போயிட்டா எப்படி?"

"மாத்திக்கலாம்னு பேசினப்ப எங்களை யாரும் கேக்கல. இப்ப நானும் யாரையும் கேக்கல." மந்தி மரத்துக்கு மரம் தாவிப் பாறைமேட்டுக்குப் போய்விட்டது.

மான் கொஞ்ச நேரம் யோசித்தது. "எனக்கு உங்க எல்லார் மேலயும் மரியாதை இருக்கு" என்றது. "ஆனா காயை எறிய ஆளில்லாத இடத்துல நான் ஓடி என்ன பண்ண?" அடுத்த கணம் புல் அசைந்தது. மானைக் காணோம்.

அன்று சாயங்காலம் பாறைமேட்டில் மூன்று பேரும் சும்மா விளையாடிக்கொண்டிருந்தார்கள். மொத்தையன் நின்றது. மந்தி ஆற அமரக் கையைச் சுழற்றி எறிந்தது. காய் வானத்தில் வளைந்து போக, மான் அதன் நிழலோடு ஓடி, கொம்புக்கு நடுவில் ஏந்தியது. அப்படி ஒரு பிடியை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. பாறைமேட்டுக் குட்டிகள் ஆர்ப்பரித்தன. ஒரு கரடிக்குட்டி ஓடிப்போய் மொத்தையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மொத்தையன் மண்ணைக் கிளறியது.

குளக்கரையில் எல்லாரும் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீரி மட்டும் அல்லி இலையில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

கடைசியில் தவளைதான் தொண்டையைக் கனைத்தது.

"என்ன இருந்தாலும் மொத்தையனை விட்டிருக்கக் கூடாது. நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டீங்க?"

"ஆமாமா, சொன்னே, சொன்னே!" என்றது நாரை. "நானும் சொன்னேன்!"

முள்ளெலி ஒருமுறை எல்லாரையும் ஏறிட்டுப் பார்த்தது. பிறகு சுருண்டு படுத்துக்கொண்டது.

ஓடுகிறவரின் வேகத்தில் மயங்கி, தாங்கி நிற்கிறவரைக் கைவிடுகிறவர்களுக்குக் கடைசியில் இருவருமே மிஞ்சமாட்டார்கள்.